பிசிறு வெட்டப் போன இடம்

மாப்பிள்ளை பார்க்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. சம்பளத்தை விசாரிப்பார்கள், சொந்தபந்தத்தைத் துருவுவார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். பௌதிக ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளையைக் கோபப்படுத்திப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து திருப்பூர் நெருப்பெரிச்சல் செக்கிங் டேபிள் பெண்கள் மட்டும்தான்.

யோசனை ஆஷாவுடையது அல்ல. காரணம் மட்டும் அவளுடையது.

ஆஷா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டேமேஜ் கண்ணில் பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பிசிறு தொங்கினால் ட்ரிம்மரால் வெட்ட வேண்டும். ட்ரிம்மர் என்பது விரலில் மாட்டிக்கொள்ளும் குட்டிக் கத்தரி. தபாலில் பி.காம். படித்துக்கொண்டே வேலைக்கு வந்த காலத்திலிருந்து மாட்டியிருக்கிறாள். பிசிறைக் கண்டால் அவள் கை அவளிடம் அனுமதி கேட்பதில்லை. ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் தொங்கிய நூலை வெட்டிவிட்டு, அவர் திரும்பியதும் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா ஆரோக்கியராஜ் திருச்செந்தூர்ப் பக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்து, இப்போது இன்னொரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கோயில் உபதேசியார்தான் அந்த வரனைக் கொண்டுவந்தார். பையன் பெயர் ஜெபக்குமார். சாத்தான்குளம். கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் பிஎச்.டி. செய்கிறான்.

"டாக்டராவப் போறாம்ட்டி!" என்று பூரித்துப் போனார் ஆரோக்கியராஜ்.

"ஊசி போடாத டாக்டரு" என்று அம்மா திருத்தினாள்.

பையன் வீட்டில் பெண்ணின் போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் பதில் வாங்க வருகிறார். ஏற்கெனவே இரண்டு வரன்களைத் தட்டிக்கழித்தாயிற்று. "இதையும் வேண்டாம்னா அதுக்கு ஒரு காரணம் சொல்லணும். சும்மா மூஞ்சியத் தூக்கி வச்சா நான் கேக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

காரணம் இருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அக்கா ஸ்டெல்லாவைப் பார்க்க வந்தபோது அத்தான் காபியைச் சத்தமில்லாமல் குடித்தார். டம்ளரைக்கூட ஓசைப்படாமல் கீழே வைத்தார். எத்தனை சாதுவான பிள்ளை என்று தெருவே மெச்சியது. இரண்டாவது மாதம் குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டு சுவரில் பறந்தது. இன்றைக்கும் வெளியாட்கள் முன்னால் அவர் பசுதான். கதவைச் சாத்திய பிறகுதான் தட்டுகளுக்கு இறக்கை முளைக்கும். "அவரு நல்லவருதாம்ட்டி, கோவம் வந்தாத்தான்..." என்று அக்கா போனில் இழுப்பாள். கோபம் வராதபோது யார்தான் கெட்டவர்கள் என்று ஆஷாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. கோபம் வந்தால் இந்த ஜெபக்குமார் என்ன செய்வான்?

டீ நேரத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து மேஜை ரிஃபானா வடையைக் கீழே வைத்தாள். அவள் வடையைக் கீழே வைத்தால் விஷயம் பெரிதாகப் போகிறது என்று அர்த்தம்.

"ஏன்டி, ஒரு பீஸை செக் பண்ணாம பேக்கிங்குக்கு அனுப்புவமா? ஆளை மட்டும் அப்படியே அனுப்பிருவாங்களாமா?"

"பீஸ விரிச்சுப் பாக்கலாம். மனுசன எப்படிட்டி விரிச்சுப் பாக்க?"

"இழுத்துப் பாக்கறதுதான். தையல் எங்க விட்டுக் குடுக்குதுன்னு தெரிஞ்சிட்டுப் போவுது."

அமெரிக்காவில் பாங்குகள் கவிழ்ந்து, திருப்பூரில் ஓவர்டைம் நின்றுபோயிருந்த வருஷம் அது. ஆர்டர் இல்லாமல் அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். அறிவியல் தினம் என்று அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்கு ஆய்வுக்கூடங்களைத் திறந்துவிடுகிறார்கள் என்பதை அங்கே படிக்கும் மாமா பையனிடமிருந்து ரிஃபானா தெரிந்துகொண்டாள். உடனே போன் போட்டு, "ரோஜா மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து பேசறனுங்க, எங்க மெம்பர்களுக்கு விஞ்ஞானத்துல ரொம்ப ஆர்வமுங்க" என்று குரலை மாற்றிப் பேசி இடமும் பிடித்துவிட்டாள். அந்தக் குழுவில் அதுவரை நடந்த ஒரே விஞ்ஞானம் ஊறுகாய் போட்டது.

"அவன் என் போட்டோவ பாத்திருப்பாம்ட்டி" என்று ஆஷா பயந்தாள்.

போட்டோவை வாங்கிப் பார்த்து எல்லோரும் அவளைத் தைரியப்படுத்தினார்கள். ஸ்டுடியோக்காரர் அவளை மூன்று சுற்று வெளுத்து, புருவத்தை வரைந்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் வைத்திருந்தார். அந்தப் பெண்ணை ஆஷாவே வழியில் பார்த்தால் யாரென்று கேட்பாள். இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக அன்றைக்கு அவள் பெயர் நதியா என்று முடிவாயிற்று.

வேனில் பன்னிரண்டு பேர். தக்காளி சாதம், தண்ணீர் கேன், எதிர் மேஜை குப்பாயியின் மடியில் ஒரு படி வறுத்த நிலக்கடலை. படைக்குத் தலைமை கருத்தம்மா. சிவகங்கைக்காரி, செக்கிங் டேபிளுக்கு மூத்தவள், வாய்க்கு எங்கேயும் வேலி கிடையாது.

"எங்கிட்ட விடுங்கடி. எங்க வீட்டு மனுசன் ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவரையே பேசிப் பேசி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தெருவுக்கு ஓட வச்சவ நானு. இந்தத் தம்பி எம்மாத்திரம்?"

"கோவம் வராத ஆம்பளை உண்டுங்களா?" என்றாள் குப்பாயி. "நீ கவலப்படாத கண்ணு. உன்ற மாப்பிள்ளையை இன்னைக்குக் கொதிக்க உட்டுத்தான் எறக்குவோம்."

ஆய்வுக்கூட வாசலில் உதவியாளர் பழனிமுத்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"வாங்க, வாங்க. செருப்பை அக்கட்டால உட்டுப்போட்டு வாங்க. மெதுவா நடங்கம்மணி, உள்ள சாரோட பொட்டி இருக்குதுங்க. அதிர்ந்தா அதுக்கு ஆகாது."

உள்ளே மின்விசிறி ஓடவில்லை. ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு வேப்பமரம். மூலையில் கல்மேடை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் முன்னால் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காலர் வைத்த டீ சர்ட்டில் ஜெபக்குமார்.

மாப்பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பன்னிரண்டு ஜோடிக் கண்களும் நேராக டீ சர்ட்டுக்குப் போயின. தோள் தையல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "ரிஜெக்ட் பீஸுடி" என்று குப்பாயி ஆஷாவின் காதில் சொன்னாள். "காதர்பேட்டையில கிலோக் கணக்குல வாங்கியிருப்பாரு. சிக்கனமான ஆளுதான்."

ரிஃபானா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, ஆஷாவை நதியா என்று அறிமுகப்படுத்தியதும் ஜெபக்குமார் விளக்க ஆரம்பித்தான். உலகத்தில் எந்தப் பொருளும் எந்தப் பொருளையும் இழுக்கிறது. பூமி நம்மை இழுப்பது தெரிகிறது. இரண்டு ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று இழுப்பது கண்ணுக்குத் தெரியாது, அத்தனை சின்ன இழுப்பு. அதை அளக்கத்தான் பெட்டிக்குள் ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் சின்னக் குண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். தலைமுடியை விட மெல்லிய கம்பியில் தொங்குகிறது. வெளியே பெரிய குண்டுகளை அருகில் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் குச்சி இம்மியளவு திரும்பும்.

"ஒருத்தரை ஒருத்தர் இழுக்குறதா?" என்றாள் கருத்தம்மா. "அதுக்கு எதுக்குத் தம்பி பெட்டி? எங்க கம்பெனிக்கு வாங்க. கட்டிங் மாஸ்டரும் பட்டன் வைக்கிற புள்ளையும் இருக்காக, நேரா அளந்துக்கலாம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜெபக்குமாரும் சிரித்தான். "அது வேற இழுப்புங்க" என்றான்.

படை வேலையைத் தொடங்கியது. ரிஃபானா புரியவில்லை என்றாள். மறுபடி சொன்னான். இன்னும் புரியவில்லை என்றாள். பையிலிருந்து சாவிக்கொத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துச் சொன்னான். "இப்பப் புரிஞ்சுதுங்க. ஆனா குண்டு எதுக்குங்க?" என்று அவள் ஆரம்பத்துக்கே போனாள். அவனும் ஆரம்பத்துக்கே போனான்.

குப்பாயி நடு அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலக்கடலையை உடைத்தாள். தோல் நாலா பக்கமும் பறந்தது. பழனிமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. ஜெபக்குமார் ஒரு பழைய தினத்தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்து, "இதுல போட்டுக்கங்கம்மா, பரவாயில்ல" என்றான். அவள் ஒரு கை கடலையை நீட்டியதும் வாங்கிக்கொண்டான்.

யாரோ சுவிட்சைத் தட்டி மின்விசிறியைச் சுழலவிட்டார்கள். ஓடிப்போய் நிறுத்திவிட்டு, "காத்து பட்டா ஆடிரும்ங்க. வேர்க்குதா? பரவாயில்ல, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றான். அவன் திரும்பி நின்ற அந்தச் சமயத்தில் ரிஃபானா அவன் முதுகில், இறங்கிய தோள் தையலுக்கு நேராக, ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டிவிட்டாள். டேமேஜ் பீஸ் முதுகில் அடையாளத்தோடு அறை முழுக்க நடந்தது. எல்லோரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் கருத்தம்மா தன் கையிலிருந்ததிலேயே பெரிய குண்டைப் போட்டாள்.

"ஏந்தம்பி, இந்த ஆராய்ச்சி எப்பத் தம்பி முடியும்?"

பழனிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வி அது. ஜெபக்குமாரின் இடது கண்ணிமை ஒருமுறை துடித்தது.

"முடிஞ்சிரும்ங்க" என்றான்.

"அதான் எப்ப? எங்க பக்கத்து வீட்டுப் பய உங்களுக்கு அப்புறம் படிக்கப் போயி, ரெண்டு புள்ளைக்கே தகப்பனாயிட்டானே!"

"பரவாயில்லங்க. நல்லா இருக்கட்டும்."

மற்றவர்கள் ஒவ்வொரு 'பரவாயில்லை'க்கும் ஆஷாவைப் பார்த்து, பையன் தங்கம் என்று ஜாடை காட்டினார்கள். அவளுக்கோ ஒவ்வொரு 'பரவாயில்லை'யும் அத்தான் ஓசையில்லாமல் வைத்த காபி டம்ளராகக் கேட்டது. இத்தனை பேர் இத்தனை படுத்தியும் ஒருவனுக்குக் கோபம் வரவில்லை என்றால் அந்தக் கோபமெல்லாம் எங்கே போகிறது? எந்தக் கதவு சாத்திய பிறகு வெளியே வரும்? பார்க்க வந்ததைப் பார்க்காமலேயே திரும்பப் போகிறாள். நாளைக்கு அப்பாவிடம் என்ன சொல்வது? பையன் ரொம்ப நல்லவனாக இருக்கிறான், அதனால் வேண்டாம் என்றா?

"போலாங்கடி" என்று கருத்தம்மா கையை விரித்தாள். "இது மனுசனில்ல, மண்ணுல செஞ்ச சாமி."

எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். பழனிமுத்து கடலைத் தோலைக் கூட்ட நாற்காலியை ஓரமாக இழுத்தார். அந்த வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு போன ஆஷாவின் கண்ணில் அது பட்டது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில், மேலிருந்து கீழே, பளபளவென்று ஒரு பிசிறு.

அது பெட்டிக்குள்ளிருந்து மேலே ஏறி, உச்சியிலிருந்த கொக்கியைச் சுற்றி, வெளிப்பக்கமாக இறங்கி, ஒரு பொட்டு மெழுகில் முடிந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் அது குண்டுகளைத் தாங்கும் கம்பி என்று தெரியும். அவள் யோசித்துக்கொண்டிருந்தது நாளைய பதிலைப் பற்றி. யோசிக்காத நேரத்தில் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. லீவு நாளிலும் ஹேண்ட்பேக்கில் கிடக்கும் ட்ரிம்மர் எப்போது விரலுக்கு வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நறுக்.

பெட்டிக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். குச்சியும் குண்டுகளும் கண்ணாடித் தரையில் விழுந்து உருண்டன.

"அடியே ஆஷா!" என்று அலறினாள் கருத்தம்மா. "என்னடி பண்ணித் தொலைச்ச!"

நதியா அந்த நொடியில் காலமானாள். அதைக் கவனிக்கிற நிலையில் யாரும் இல்லை. ஜெபக்குமார் வந்து பெட்டியைப் பார்த்தான். அறுந்த கம்பியைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"யாரு?" என்றான். மெல்லத்தான் கேட்டான்.

செக்கிங் டேபிளில் ஒரு பழக்கம் உண்டு. டேமேஜுக்கு யார் காரணம் என்று மேலிருந்து கேட்டால் மேஜை முழுவதும் ஒரே குரலில் முந்தின ஷிப்டைக் கைகாட்டும். அந்தப் பழக்கத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். "தானா அறுந்திருச்சு தம்பி" என்றாள் ஒருத்தி. "வரும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றாள் ரிஃபானா. "எலி கடிச்சிருக்குமுங்க, இப்பத்தான் ஒண்ணு ஓடுச்சு" என்றாள் குப்பாயி. கருத்தம்மா ஆஷாவின் கையைப் பிடித்து ட்ரிம்மரோடு தன் முந்தானைக்குள் இழுத்தாள்.

ஆஷா கையை விடுவித்துக்கொண்டாள். பயமாக இருந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்தாள்?

"நாந்தான் வெட்டுனேன்" என்றாள். "பிசிறுன்னு நெனச்சுட்டேன்."

ஜெபக்குமார் அவளைப் பார்த்தான். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனான். கதவைப் பார்த்துக்கொண்டே ஆஷா தோளைக் குறுக்கிக்கொண்டாள். அறைந்து சாத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சாத்தவே இல்லை. கதவு பாட்டுக்குத் திறந்து கிடந்தது.

பிறகு ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஜெபக்குமாருடையதுதான் என்று நம்ப எல்லோருக்கும் சிரமமாக இருந்தது. இத்தனை நேரம் பேசிய பல்கலைக்கழகத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

"ஏலே சவத்து மூதி! ஒனக்குக் கண்ணு இருக்காலே? தீவாளிக்கு மறுநாள் தொங்கவிட்டதுலே! ஆடாம நிக்கதுக்கு மூச்ச அடக்கிக் காத்துக் கெடந்தேம்லே! தொடாதீங்கன்னு எழுதிப் போட்டிருக்குல்லா, வாசிக்கத் தெரியாதாலே எரப்பாளி! எப்ப முடியும்னு கேக்கியோ? நீ இப்படி ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டே இருந்தா எப்பம்லே முடியும்?"

பன்னிரண்டு பேரும் ஜன்னலில் அடைத்துக்கொண்டார்கள். வெளியே ஆள் நடமாட்டமே இல்லை. ஜெபக்குமார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேப்பமரத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். முதுகில் சிவப்பு அம்புக்குறி மேலும் கீழும் போய் வந்தது. கடைசியில் அடிமரத்தை ஓங்கி ஓர் உதை விட்டான். மரம் அசையவில்லை. அவன்தான் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான்.

"சாருக்குக் கோவம் வந்தா அந்த மரத்துகிட்டத்தானுங்க" என்றார் பழனிமுத்து, பொதுவிஷயத்தைச் சொல்வது போல. "ஒருக்கா நான் பிளக்கைப் புடுங்கி, அவரு கம்ப்யூட்டர்ல சேத்து வெச்சதெல்லாம் போயிருச்சுங்க. என்னை ஒரு சொல்லு சொல்லலீங்க. நேரா அங்க போயிட்டாரு. அன்னைக்கு மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துபோயி, சாயங்காலந்தான் திரும்பி வந்துதுங்க."

பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஆஷாவும் சிரித்தாள். அப்புறம் ஏனோ கண் நிறைந்துவிட்டது. அக்காவை நினைத்துக்கொண்டாள். அத்தான் வெளியே எல்லோரிடமும் பசுவாக இருந்து, எல்லாக் கோபத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறார். இவன் உள்ளே பொங்கியதை வெளியே ஒரு மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அவள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இதற்கு மேல் எந்த உபதேசியாராலும் பதில் விசாரித்துச் சொல்ல முடியாது.

ஜெபக்குமார் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். முகம் கழுவியிருந்தான். ஜன்னலில் இருந்தவர்கள் அவசரமாகச் சிதறி, சுவரில் மாட்டியிருந்த விஞ்ஞானிகளின் படங்களை ஆர்வத்தோடு பார்த்தார்கள்.

"மன்னிச்சிருங்க" என்றாள் ஆஷா.

"இத பரவாயில்லன்னு சொல்ல வரலங்க" என்றான். "ரொம்ப நாள் வேலை. திரும்ப மாட்டி, அது அசையாம நிக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

அன்றைக்கு அவன் பரவாயில்லை என்று சொல்லாத முதல் தடவை அதுதான். ஆஷாவுக்கு அது எல்லாவற்றையும் விட நிம்மதியாக இருந்தது.

குழுவுக்குப் பரிகாரம் செய்யாமல் போக மனசில்லை. "அறுந்ததை முடிஞ்சு குடுத்தாப் போச்சு! சாமளாபுரத்துல பொறந்தவ நானு. தறியில அறுந்த நூலைக் கண்ண மூடிட்டு முடிவேன்" என்று குப்பாயி முன்னால் வந்தாள். வெட்டிய கம்பியை வாங்கி, நாக்கில் தொட்டு, விரலில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். அது துள்ளி அவிழ்ந்தது. ஆளாளுக்கு ஒரு முடிச்சைச் சிபாரிசு செய்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் கம்பியே குப்பாயியின் சேலை மடிப்பில் எங்கோ போய்விட்டது. எல்லோரும் சேலையை உதறித் தேடியதில் கடலைத் தோல்தான் கிடைத்தது.

"விட்டுருங்கம்மா" என்றான் ஜெபக்குமார். அவன் உதடு துடித்தது, இந்த முறை சிரிப்பில். "வேற கம்பி இருக்கு."

அப்போது பழனிமுத்து, "சார், முதுகுல ஏதோ ஒட்டியிருக்குதுங்க" என்று பிய்த்துக் கொடுத்தார். ஜெபக்குமார் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னங்க?"

ரிஃபானா மறுபடி விஞ்ஞானிகளின் படத்துக்குத் திரும்பிக்கொண்டாள். ஆஷாதான் சொன்னாள். "டேமேஜ் எங்கன்னு காட்டுததுக்கு ஒட்டுவோம்."

அவன் போய்ப் பெட்டியின் பக்கவாட்டில், மெழுகுப் பொட்டுக்கு நேராக, அதை ஒட்டினான். கொஞ்சம் தள்ளி நின்று, சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு திரும்பி, "ஒங்க பேரு நதியான்னுல்லா முதல்ல சொன்னாங்க?" என்று கேட்டான்.

"ரெண்டும் இவ பேருதாங்க" என்று ரிஃபானா குறுக்கே விழுந்தாள். "ஊட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணு."

"ஓ" என்றான் ஜெபக்குமார். ஆஷாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரை, அங்கே ஒரு நீர்வீழ்ச்சி இருக்க வேண்டியது போல, சற்று நேரம் பார்த்தான்.

வேனில் திரும்பும்போது கருமத்தம்பட்டி தாண்டும் வரை அவனைப் பற்றித்தான் பேச்சு. கருத்தம்மா மரத்தை உதைத்துக் காட்டப் போய் டிரைவர் சீட்டை உதைத்தாள். ஆஷா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இத்தனை மாத வேலையை வெட்டிப்போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்ற புதுக் கவலையும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் கோயில் முடிந்து உபதேசியார் வந்தார். அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டே, "பாப்பா என்ன சொல்லுதா?" என்று கேட்டார்.

"சொல்லுட்டி" என்றார் ஆரோக்கியராஜ். பனியனுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது மறுப்பைக் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

ஆஷா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "கல்யாணத்துக்குப் பெறவு அவுக குடியிருக்கப் போற வீட்டு வாசல்ல மரம் இருக்கான்னு கேளுங்கப்பா."

"மரமா?"

"ஆமா. எந்த மரமானாலும் சரி. கொஞ்சம் தடியா இருந்தா நல்லது."

உபதேசியார் முறுக்கைத் தட்டில் வைத்தார். நகை கேட்டுப் பார்த்திருக்கிறார், வண்டி கேட்டுப் பார்த்திருக்கிறார், பெண் மரம் கேட்டு அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் எண்ணை அழுத்தினார். "தம்பி, பொண்ணு வீட்டுல ஒரு வெவரம் கேக்காவ..." என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்கக் கேட்க அவர் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது. ஆரோக்கியராஜின் முகம் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆஷா சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, அதில் இல்லாத பிசிறைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உபதேசியார் போனைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பாத்து வச்சிருக்க வீட்டு வாசல்ல வேம்பு ஒண்ணு நிக்காம். நல்ல தடிமரந்தானாம். பய விழுந்து விழுந்து சிரிக்கான். எனக்கு ஒரு எழவும் வெளங்கல" என்றார். "பெறவு அவனும் ஒரு கண்டிசன் போடுதான்."

ஆரோக்கியராஜ் எழுந்தே விட்டார். "என்ன கண்டிசன்? நகையா?"

"நகையெல்லாம் இல்ல. பொண்ணு வீட்டுக்கு வரும்போது அந்தச் சின்னக் கத்தரிய மட்டும் கம்பெனியிலேயே வச்சிட்டு வரணுமாம். லைன்லதான் நிக்கான். என்ன சொல்ல?"

"எந்தக் கத்தரி?" ஆரோக்கியராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

ஆஷாவின் காது மடல்கள் சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கியது.

"வச்சிட்டு வாரேன்னு சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.